இல்லை என்று சொல்லாத ஆபீஸ்

கலையரசி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு வார்த்தைக்காக வாங்கிக் கட்டிக்கொண்டாள். குன்னத்திலிருந்து வந்த ஒருவர், வாத்தியார் வேலையில் இருக்கிற மாப்பிள்ளை யாராவது உண்டா என்று கேட்டார். பீரோவைக் குடைந்து பார்த்துவிட்டு, "இல்லைங்க" என்றாள். அவர் மாடிப்படி இறங்குகிற சத்தம் நிற்கும்வரை பொறுத்திருந்தார் லீலாவதி டீச்சர்.

"இந்தா பாரு. இது கல்யாண ஆபீஸ். இல்லைங்கிற சொல்லு இங்க வாயில வரக்கூடாது. வந்துகிட்டு இருக்குன்னு சொல்லணும்."

"வராட்டிங்க?"

"வராட்டியும் வந்துகிட்டுதான் இருக்கும்."

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் இருந்தது அந்தக் கமலவேணி கல்யாணத் தகவல் மையம். கமலவேணி, டீச்சரின் அம்மா பெயர். தொண்ணூற்றைந்தில் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். ஊருக்கு ஆபீஸ்கள் வந்தன, ஆபீஸ்களோடு ஆபீசர்கள் வந்தார்கள், ஆபீசர்களோடு அவர்களுடைய கல்யாணமாகாத பெண்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த லீலாவதி, இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மையத்தைத் திறந்தார். நல்ல மனுஷி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அரிசி தீர்ந்தால் நிறைஞ்சிடுச்சு என்பார், விளக்கை அணைக்கச் சொல்லமாட்டார், குளிர வைக்கச் சொல்வார். எதிர்மறையாக ஒரு சொல் காதில் விழுந்தால் அன்றைக்கு முழுக்க முகம் கடுகடுவென்று இருக்கும்.

கலையரசி அரியலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போனாள். பூர்வீகம் ஆண்டிமடம் பக்கம். அப்பா மதுரைவீரன், நிலமில்லாத குடும்பத்தில் பிறந்து, ஊரான் முந்திரிக்காட்டில் கூலிக்கு நின்று, பிறகு ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் லாரிகளில் வேலை கிடைத்து அரியலூருக்குக் குடிவந்தவர். அம்மா கொளஞ்சியம்மாள் அங்கேயும் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலையை விடவில்லை. அக்கா மலர்கொடிக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆயிற்று. தையல் மெஷினோடு புகுந்த வீட்டுக்குப் போன மலர்கொடி, அடுத்த பொங்கலுக்கு வந்தபோது அந்த மெஷினில் துணி காய்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கலையரசிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்திருந்தாள்.

மையத்தின் பீரோவில் சாதிக்கு ஒரு தட்டு. கலையரசியின் ஆட்களுக்கு ஆகக் கீழ்த்தட்டு. அதை யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை, அப்படித்தான் அமைந்தது என்று டீச்சர் சொல்லுவார். ஆனாலும் அந்தத் தட்டிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் அவள் தரையில் உட்கார்ந்து குனிய வேண்டியிருந்தது.

பீரோ போய்க் கம்ப்யூட்டர் வந்ததற்குக் காரணம் கீழே மருந்துக்கடைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த நஜீமுதீன். லப்பைக்குடிகாட்டுக்காரர். முதலில் அவர் போட்டுக்கொடுத்த மெஷினில், யாரோ கொண்டுவந்த ஃப்ளாப்பி வழியாக வைரஸ் புகுந்து, ஒரு திங்கட்கிழமை காலையில் அத்தனை மாப்பிள்ளைகளும் பெண்களும் காணாமல் போனார்கள். கலையரசி அவர்களை மறுபடி அடித்து ஏற்றி முடிப்பதற்குள் விரல் நகமெல்லாம் தேய்ந்துவிட்டது. நஜீமுதீனுக்கு மனசு கேட்கவில்லை. பழைய பெண்டியம் ஒன்றைத் தட்டிக்கொட்டி, அதில் ஃப்ரீ பிஎஸ்டி என்ற வேறொரு சிஸ்டத்தை ஏற்றிக் கொண்டுவந்தார். காசு கிடையாது, அந்த வைரஸ் எதுவும் இதை அண்டாது என்றார். அதன் சிடி உறையில் கொம்பு முளைத்த ஒரு குட்டிப் பிசாசு கையில் சூலத்தோடு சிரித்துக்கொண்டிருக்கும். டீச்சர் கண்ணில் படாமல் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் சிடியைக் கொடுத்தார்.

அந்த மெஷின் கலையரசிக்குப் பிடித்துப்போனது. சிடியிலேயே இருந்த விளக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, தப்பும் தவறுமாகச் செய்து, கெடுத்து, சரிசெய்து பழகினாள். அதில் கீழ்த்தட்டு கிடையாது. எந்தப் பெண்ணைக் கூப்பிட்டாலும் ஒரே உயரத்தில் வந்து நின்றாள். அதைவிட, அந்த மெஷின் முன்னால் இருந்த நாற்காலியில் அவளைத் தவிர யாரும் உட்கார மாட்டார்கள். பிறந்ததிலிருந்து அப்படி அவளுக்கென்று ஒன்று இருந்ததில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் பஸ்ஸில் வரும்போது பல நாள் நினைத்துக்கொள்வாள்.

வேலை சும்மா இல்லை. இரண்டாயிரத்தொன்றில் அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். அந்தப் பக்கத்து வரன்களுக்கெல்லாம் மாவட்டத்தை மாற்றி அடித்தாள். அடுத்த வருஷமே அந்த மாவட்டத்தைக் கலைத்துத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். திரும்ப மாற்றி அடித்தாள்.

இரண்டாயிரத்துமூன்றில் நஜீமுதீன் கடையை மூடிவிட்டு ஷார்ஜாவுக்குப் போனார். போன இடத்தில் சும்மா இருக்காமல் ஒரு யோசனை சொன்னார். அங்கே வேலை பார்க்கிற நம்ம பக்கத்துப் பையன்கள் ஏராளம், மையத்தில் இருக்கிற பெண் வீட்டு விவரங்களை அங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கும்படி செய்தால் என்ன என்றார். டீச்சருக்குக் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. எல்லா விவரத்துக்கும் சேர்த்து அப்போதுதான் ‘ப்ரொபைல்’ என்ற சொல் பெரம்பலூருக்கு வந்திருந்தது. வாசலில் ‘உங்கள் ப்ரொபைல் உலகமெங்கும்’ என்று போர்டு வைத்தார்.

ஆனால் உலகத்துக்குக் கதவைத் திறப்பதற்கு முன்னால் மெஷினில் ஒரு வேலை பாக்கி இருந்தது. பழைய பதிப்பில் ஓட்டைகள் உண்டு, வெளி ஆள் உள்ளே வந்துவிடுவான். ஆகவே புதிய பதிப்பின் மூல நிரலை நஜீமுதீன் சிடியில் அனுப்புவார், அதை வைத்து அந்த மெஷினிலேயே சிஸ்டம் முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும். கம்பைல் என்று பெயர். கட்டி முடிக்கும்வரை மெஷின் வேறு வேலைக்கு ஆகாது.

இதற்கு ஆடி மாதத்தை விட்டால் நேரம் கிடையாது. ஆடியில் யாரும் வரன் பார்க்க வரமாட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் மெஷின் தயாராக வேண்டும்.

"ஆகலைன்னா திருச்சிக் கம்பெனிகிட்ட குடுத்துடப் போறேன் கலை" என்றார் டீச்சர். "அவங்களே மெஷின், அவங்களே ஆளு. எல்லாம் பேசியாச்சு."

"அப்ப நான்?"

"உனக்கென்னடி கவலை. நானே நல்ல எடமாப் பாத்து முடிச்சு வைக்கிறேன். உன் வயசுல எனக்கு ரெண்டு பிள்ள."

டீச்சர் அதை ஆசையாகத்தான் சொன்னார். ஆயிரக்கணக்கான பேருடைய எதிர்பார்ப்புகளை டைப் அடித்தவள் கலையரசி. ‘வேலையை விடச் சம்மதிக்க வேண்டும்’ என்ற வரி எத்தனை தடவை வரும் என்று அவள் விரலுக்குத் தெரியும். மெஷின் ஆவணிக்குள் எழுந்து நிற்கவில்லையென்றால் நாற்காலி போய்விடும். நாற்காலி போனால் மிச்சமும் போய்விடும். அவளுக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

நஜீமுதீன் அனுப்பிய ஈமெயிலில் ஒரு யோசனை இருந்தது. "தங்கச்சி, இது பழைய மெஷின், ரொம்ப நேரம் எடுக்கும். ப்ரொபைல் லைப்ரரின்னு ஒண்ணு கூடவே சேந்து கட்டும், அதைக் கட்ட வேணாம். ப்ரோக்ராம் எழுதுறவங்க தங்களோடது எந்த எடத்துல நேரத்தத் தின்னுதுன்னு அளந்து பாக்குறதுக்கு உண்டானது அது. ஒவ்வொரு லைப்ரரியையும் அதுக்காக இன்னொரு தடவ கட்டும். நம்மள மாதிரி சும்மா ஓட்டுறவங்களுக்கு எதுக்கு? செட்டிங் ஃபைல்ல நோப்ரொபைல்னு ஒரு வரி போட்டுடு. இன்ஷா அல்லாஹ் சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சுடும்."

சாயந்தரத்துக்குள் முடிவது முக்கியம். ஆள் இல்லாமல் மெஷினை ஓடவிட்டுப் பூட்டிக்கொண்டு போக டீச்சர் சம்மதிக்க மாட்டார், தீப்பிடித்துவிடும் என்று பயம். காலையில் திறந்ததும் தொடங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.

ஆடி முதல் வெள்ளியன்று, நோப்ரொபைல், சமக்குறி, ட்ரூ என்று அந்த வரியைக் கலையரசி அடித்தாள். டீச்சர் சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, கையோடு மெஷினுக்கும் காட்ட வந்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னடி எழுதியிருக்க? நோ ப்ரொபைலா?"

"அது வேறங்க டீச்சரம்மா. இது உள்ளுக்குள்ள..."

"எது வேற? வாசல்ல ப்ரொபைல்னு போர்டு. உள்ள ப்ரொபைல் இல்லைன்னு எழுதி வப்பியா? அதுவும் வெள்ளிக்கிழமையும் அதுவுமா? ட்ரூன்னு வேற சத்தியம் பண்ணி வச்சிருக்க. எடு அத."

"எடுத்தா ரொம்ப நேரம் ஆகுங்க."

"ஆவட்டும். நல்ல காரியம் மெதுவாத்தான் ஆகும்."

அந்த ப்ரொபைலுக்கும் இந்த ப்ரொபைலுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல, அதை ஏன் இத்தனை தடவை சொல்கிறாள் என்றுதான் டீச்சருக்குச் சந்தேகம் வந்தது. கடைசியில் வரியை எடுத்துவிட்டுக் கம்பைலைத் தொடங்கினாள்.

பிறகு ஆடிக்காற்று தன் வேலையைக் காட்டியது. துறைமங்கலம் பக்கம் லைனில் மரக்கிளை விழுந்து கரண்ட் போனது. யுபிஎஸ் கொஞ்ச நேரம் கீச்சிட்டுவிட்டு உயிரை விட்டது. அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து. அன்றைக்குக் கரண்ட் போகவில்லை, ஆனால் விளக்கு வைக்கிற நேரம் வந்தும் மெஷின் முடிக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து தொடரலாம் என்று படித்திருந்ததால் அதையும் செய்து பார்த்தாள். பாதி எழுதிக் கெட்டுப்போன ஏதோ ஒரு கோப்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் ஆடியில் சும்மாதானே கிடக்கிறது, கேட்கலாமே என்றாள். ஆடி மாசம் மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடினால் ஊர் என்ன பேசும் என்று டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஆடிப்பெருக்கு போயிற்று. அடுத்த வெள்ளியும் போயிற்று. திருச்சிக் கம்பெனிக்காரர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். பஸ்ஸில் வரும்போது பேரளி தாண்டியதும் கலையரசிக்கு அழுகை வரும், இறங்குவதற்குள் துடைத்துக்கொள்வாள்.

ஆடி முடிய இன்னும் இரண்டு நாள்தான் என்றபோது வெட்கத்தை விட்டுக் கெஞ்சினாள்.

"டீச்சரம்மா, அந்த ஒரு வரிய மட்டும் போட்டுக்க விடுங்க. முடிஞ்சதும் அழிச்சுடறேன். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

டீச்சருக்கும் மனம் இளகியது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை எழுதச் சொல்லிப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா, சமக்குறியைக் கண்டதும் பழைய உற்சாகம் வந்துவிட்டது.

"இங்க பாரு. ப்ரொபைல் இல்லைங்கிறது ஈக்வல் டு உண்மை. இதான தப்பு? அந்த உண்மைய எடுத்துட்டுப் பொய்னு போடு. ப்ரொபைல் இல்லைங்கிறது பொய். அப்ப ப்ரொபைல் இருக்குன்னு ஆயிடுச்சா? வரியும் இருக்கட்டும், தோஷமும் போவட்டும்."

கலையரசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் போட்டால் வரி போடாததற்குச் சமம், மறுபடி எல்லாவற்றையும் இரண்டு தடவை கட்டும், மறுபடி விளக்கு வைக்கிற நேரம் தாண்டும். அவளுக்கு வாதாடத் தெம்பு இல்லை. "சரிங்க டீச்சரம்மா" என்று ட்ரூவை அழித்துவிட்டு ஃபால்ஸ் என்று அடித்தாள். கம்பைலைத் தட்டிவிட்டு, போகட்டும், எல்லாம் முடிந்தது என்று ஜன்னல் ஓரம் போய் நின்றாள்.

அன்று காற்று அடங்கியிருந்தது. மத்தியானம் தயிர்சாதம் தின்றுவிட்டு வந்து பார்த்தவளுக்கு நம்ப முடியவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் பாதிகூட வந்திருக்காது. சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் கத்திக்கொண்டு போகும்போது மெஷின் முடித்துவிட்டு அடுத்த கட்டளைக்காகக் காத்திருந்தது. உள்ளே தேடிப் பார்த்தாள். ப்ரொபைல் லைப்ரரி ஒன்றுகூடக் கட்டப்படவில்லை.

"பாத்தியா?" என்றார் டீச்சர். "நல்ல வார்த்தைய எழுதினதும் முடிஞ்சுது. நான் சொன்னா யாரு கேக்குறீங்க."

ராத்திரி எட்டு மணி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் நஜீமுதீனுக்கு ஈமெயில் போட்டாள். மறுநாள் பதில் வந்தது. சிரித்துச் சிரித்து எழுதியிருந்தார் போலிருக்கிறது, எழுத்தெல்லாம் பிழை. "அது அந்தப் பேரு எழுதியிருக்கா இல்லையான்னுதான் தங்கச்சி பாக்கும். எதிர்ல உண்மைன்னு போட்டாலும் பொய்னு போட்டாலும் அதுக்கு ஒண்ணுதான். பேரு இருந்தாப் போதும். டீச்சரம்மாகிட்ட சொல்லிடாத."

அவள் சொல்லவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று கதவு உலகத்துக்குத் திறந்தது. டீச்சர் தேங்காய் உடைத்தார், சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார், திருச்சிக் கம்பெனிக்காரருக்குப் போன் பண்ணி ‘உங்களுக்கும் நல்லது வந்துகிட்டு இருக்கு’ என்று சொல்லிவிட்டார். சந்தோஷம் தலைக்கேறிய அந்த நேரத்தில் கலையரசியின் கையைப் பிடித்தார்.

"முதல் போணி உன்னோடதுதான். உன் ப்ரொபைலப் போடு."

"எனக்கு வேணாங்க டீச்சரம்மா."

"குறுக்க பேசாத. நல்ல நேரம் போவுது."

நல்ல நேரத்தோடு யார் மல்லுக்கட்டுவது? கலையரசி தன் பெயரை அடித்தாள், வயதை அடித்தாள், டீச்சர் நீட்டிய போட்டோவையும் ஏற்றினாள். கடைசியில் ‘வரன் பார்க்கச் சம்மதமா’ என்று ஒரு கட்டம். டீச்சர் தேங்காய்மூடி பொறுக்கப் போன சமயம், அதில் ‘இல்லை’ என்று போட்டாள். அந்த ஆபீசில் அவள் எழுதிய ஒரே இல்லை அது. அது போதும், யாரும் வரமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தாள்.

மாதக் கடைசியில் ஒரு நாள் வீட்டுக்குப் போனபோது வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தன. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தவர்கள். பையன் தோஹாவில் இருக்கிறானாம், அங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்தானாம். கொளஞ்சியம்மாள் முந்திரிக்கறை படிந்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு காப்பி கொடுத்தாள்.

"ஏங்க, அதுல சம்மதம் இல்லைன்னுல்ல போட்டிருக்கும்?" என்றாள் கலையரசி.

பையனுடைய சித்தப்பா வெள்ளந்தியாகச் சிரித்தார். "அதெல்லாம் யாரும்மா பாக்குறா? பேரு இருந்துச்சு, போட்டோ இருந்துச்சு, வந்துட்டோம். வேலைய மட்டும் விட்டுடணும். அங்க அவனுக்கு ஆக்கிப் போட ஆளு வேணும்."

கலையரசிக்கு நஜீமுதீனின் ஈமெயில் நினைவுக்கு வந்தது. மெஷின்தான் அப்படி என்று நினைத்தோமே, மனுஷனும் அப்படித்தானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பெயர் அங்கே இருக்கும்வரை, எதிரே அவள் எதை எழுதி என்ன?

அவர்கள் போனபிறகு அம்மா தட்டுகளை அடுக்கியபடியே கேட்டாள். "ஒனக்கு வேணாமா? வேணாம்னா வாயத் தொறந்து சொல்லு."

"வேணாம்மா. எனக்கு அந்த வேலைதான் வேணும்."

கொளஞ்சியம்மாள் கடைசித் தட்டையும் அடுக்கி வைத்தாள். "மலரு அன்னிக்கே இப்பிடிச் சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் ஆபீஸ் திறந்ததும் கலையரசி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சம்மதம் என்ற கட்டத்தைத் தொடவில்லை. பெயரோடு, போட்டோவோடு, வரியை முழுசாக எடுத்தாள். மத்தியானம் ஜெயங்கொண்டத்தார் போன் பண்ணியபோது டீச்சர் தேடிப் பார்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார்.

"ஏண்டி, உன் ப்ரொபைல் எங்க?"

கலையரசி எழுந்து நின்றாள்.

"வந்துகிட்டு இருக்குங்க டீச்சரம்மா."

எட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் லீலாவதி சொல்லிவந்த பதில். அதற்கு அர்த்தம் என்ன என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. போனில் என்னவோ சொல்லி வைத்தார். மூன்று நாள் கலையரசியோடு பேசவில்லை, நாலாம் நாள் பேசாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாயிரத்தேழு நவம்பரில் அரியலூரை மறுபடியும் தனி மாவட்டமாக்கினார்கள். கலையரசி மறுபடியும் மாற்றி அடிக்க உட்கார்ந்தாள். நெற்றிப் பக்கம் ஒன்றிரண்டு நரை தெரிந்தது. செந்துறையிலிருந்து மகனுக்குப் பெண் தேடி வந்த ஒரு அம்மாள், அடிப்பவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீச்சர் பக்கம் குனிந்து கேட்டாள்.

"இந்தப் பொண்ணு யாருங்க? லட்சணமா இருக்கு. இதோட ப்ரொபைல் இருக்கா?"

கலையரசியின் விரல்கள் நின்றன.

லீலாவதி டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னார்.

"வந்துகிட்டு இருக்குங்க."